பெயர் கேட்காத நோட்டீஸ்

தம்பி சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. அவள் டார்ச்சைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். தண்ணீர் வெளியேறும் குழாய் பல நாட்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கிறவன் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"டார்ச்சை நேரா பிடிக்கா. சுவத்துக்குப் படம் காட்டாத."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். உன் மண்டைதான் மறைக்குது."

"கழட்டி வெச்சிட்டு வரட்டுமா?"

உடன்பிறந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர். அவன் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளர். மனைவி, கைக்குழந்தையோடு பக்கத்துத் தெருவில் குடியிருந்தான். அவள் தனியாள். அச்சிலும் இணையத்திலும் வரும் ஒரு செய்தித்தாளில் வேலை. இரண்டாம் பக்கத்தின் அடியில் 'திருத்தங்கள்' என்று ஒரு சிறு கட்டம் வருமே, அதை எழுதுகிறவள் அவள்தான். ஒவ்வொரு திருத்தமும் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று முடிவதால் அலுவலகத்தில் அவளுக்கு 'வருந்துகிறோம் மேடம்' என்று பெயர். தம்பியின் காதில் அந்தப் பெயர் விழுந்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

"ஏன் வருந்துகிறோம் மேடம்," என்றான் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து. "ஒரு செய்தியில முக்கால்வாசி சரி, கால்வாசி தப்புன்னா என்ன பண்ணுவீங்க?"

"கால்வாசிக்கு வருந்துவோம்."

"யாராவது சொன்னாத்தானா?"

"சொன்னா மறுநாளே. எங்க ஆசிரியர் அதுல பெரிய பிடிவாதக்காரர். தன் கல்யாணச் செய்தியில பொண்ணு பேரு தப்பா வந்திருந்தாலும் சாந்தி முகூர்த்தத்துக்கு முன்னாடி திருத்தம் போட்டிருப்பார்."

அவன் சிரித்தான். பிறகு ஸ்பேனரைத் திருப்பத் தொடங்கினான். வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் ஒட்டடை. இயந்திரத்தை ஓடவிட்டு, குழாயடியில் ஒரு செய்தித்தாளை விரித்து ("உன் பேப்பர்தான், இதுக்காவது ஆகட்டும்") இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாள் நனையவில்லை. "இனி இந்த மெஷினே செத்தாலும் குழாய் ஒழுகாது," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குழந்தை எழுந்துவிடும் என்று கிளம்பிப் போனான்.

அவர்கள் இரண்டு பேரும் பயமில்லாமல் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவளுடைய பத்திரிகை ஒரு பெரிய செய்தியை வெளியிட்டிருந்தது. தொலைபேசி நிறுவனத்தின் கட்டடத்தில் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. அதில் அரசாங்கம் ஒரு கருவியை வைத்திருக்கிறது. அதன் வழியாக யார் பேசுவதையும் கேட்கலாம், யார் அனுப்பும் செய்தியையும் படிக்கலாம். ஒருவர் பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்பது சட்டம். அந்த அறைக்கு அப்படி ஓர் உத்தரவு வந்ததே இல்லை. செய்தி இதையெல்லாம் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி தவறாக விழுந்துவிட்டது: 'நிறுவன ஊழியர்களே இந்தக் கருவியை இயக்குகிறார்கள்.'

ஊருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அரசாங்கத்தைத் திட்டப் பயந்தவர்களுக்குக் கம்பெனிக்காரனைத் திட்ட என்ன பயம். கட்டணம் கட்டும் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் ஒருவர், "என் பொண்டாட்டிகிட்ட நான் பேசினது எப்படி இருந்தது, நல்லா இருந்ததா?" என்று கேட்டு அவளை அழவைத்தார். கம்பத்தில் ஏறிய லைன்மேனின் ஏணியை யாரோ கீழே இருந்து உதைத்துத் தள்ளினார்கள். அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவர் தம்பியோடு பல வருடம் ஷிப்ட் பார்த்தவர். தம்பி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. "அந்த மனுஷனுக்கு அந்த ரூம் எந்த மாடியில இருக்குன்னுகூடத் தெரியாதுக்கா."

குழாய் சரியான மறுநாள் ஆசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யார் எந்தத் தகவலைக் கொடுத்தார்கள் என்பது அந்த அலுவலகத்தில் ஆசிரியர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம் என்றே எல்லோரும் பழகியிருந்தார்கள்.

"அந்த ரூம் விஷயத்துல ஒரு தப்பு பண்ணிட்டோம்மா," என்றார். "எழுதிக்குங்க."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். தவறு என்ன, சரி என்ன, இரண்டும் திருத்தத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. 'சில தகவல்கள் பிழையானவை' என்று மொட்டையாகப் போடுகிற பத்திரிகைகளை அவர் மனிதர் கூட்டத்திலேயே சேர்ப்பதில்லை. ஆகவே திருத்தம் இப்படி வந்தது: 'கருவியை நிறுவன ஊழியர்கள் இயக்குவதாக எழுதியிருந்தோம். அது தவறு. அந்தக் கருவிக்கு நிறுவனத்தின் பக்கம் விசை கிடையாது. கட்டடத்துக்குள் வரும் கேபிள், நிறுவனத்தின் இயந்திரங்களைத் தொடுவதற்கு முன்பே, நிலவறைச் சுவருக்குள் பிரிக்கப்பட்டு அந்த அறைக்குப் போகிறது. யார் பேசுவது கேட்கப்படுகிறது என்பது ஊழியர்களுக்குத் தெரியாது. தவறுக்கு வருந்துகிறோம்.'

அவளுக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. இனி யாரும் ஏணியை உதைக்க மாட்டார்கள். திருத்தம் இணையத்தில் ஏறியதும் தம்பிக்கு போன் செய்தாள்.

"உன் ஆளுங்களுக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். பேப்பரைப் பாரு."

அவன் படிக்கும் மட்டும் காத்திருந்தாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

"பாத்தேன்," என்றான் கடைசியில். "நல்லா இருக்கு. நான் டியூட்டியில இருக்கேன். அப்பறம் பேசலாம்."

தம்பி அவளிடம் இப்படி அளந்து பேசியதே கிடையாது.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தான். கையில் எதற்கோ எடுத்துவந்த குழந்தையின் தடுப்பூசி அட்டை. அதை ஒரு கட்டு நகல் எடுக்கச் சொல்லியிருந்தான். இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் பணம் கொடுத்திருக்கிறான் என்பது அவளுக்குப் பிறகு புரிந்தது.

"போனைக் கடைக்காரர்கிட்ட சார்ஜ் போடக் கொடுத்துட்டேன். உன்னுதையும் கொடு," என்றான். கொடுத்தாள். அவன் அவள் காதோரம் குனிந்தான். "உங்க ஆசிரியர்கிட்ட சொன்னது நான்தான்."

"எதை? திருத்தத்தையா?"

"எல்லாத்தையும். முதல்ல வந்ததையும்."

கடையின் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. முதல்ல வந்ததுல ஒண்ணுமில்ல. அந்த ரூம் இருக்கறது கூட்டிப் பெருக்கறவங்கள்ல இருந்து எல்லாருக்கும் தெரியும். யார் வேணா சொல்லியிருக்கலாம். ஆனா நிலவறைச் சுவருக்குள்ள பிரியுதுன்னு போட்டிருக்கீங்க பாரு…" அவன் தடுப்பூசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்தச் சுவரை இடிச்சு, கேபிளைப் பிளந்து, ஒட்டி, திரும்பப் பூசினது ரெண்டு பேரு. நானும் எங்க பழைய மேலாளரும். அவர் போய்ச் சேர்ந்துட்டார்."

"இதை ஏன்டா அவர்கிட்ட சொன்னே?"

"சும்மா 'நாங்க இயக்கலை'ன்னு சொன்னா நம்புவாரா? எங்க ஆளுங்களைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நினைப்பார். அவருக்கு விளங்கணும்னு சொன்னேன். அதை அப்படியே சுவர் முதக்கொண்டு போடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவன் யாரையும் கேட்க முடியாத இடத்தில் இருந்தான்.

"லீவு போட்டுட்டு எங்கேயாவது போயிடு. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு."

"இப்ப லீவு போட்டா நான்தான்னு நானே கை தூக்கற மாதிரி. உன் கட்டத்தை எவன் படிக்கறான் மேடம்? சினிமா விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்துல போடறீங்க." அவன் அவள் தோளைத் தட்டினான். கை சில்லென்று இருந்தது.

அவள் படியேறி நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். அந்த அலுவலகத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். தனக்குத் தெரியும் என்றாள். அது தன் தம்பி என்றாள். ஆசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பியபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"திருத்தத்தை எடுத்துடுங்க சார்."

"எடுத்தா ஏன் எடுத்தோம்னு கேட்பாங்கம்மா. பதிவிலேயே எடுத்த நேரம் இருக்கும். அச்சுலயும் வந்தாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சரியா இருக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன். சரியா இருந்தா யாருக்கு ஆகாதுன்னு நினைக்கலை."

வக்கீல் வந்தார். பருமனான, உற்சாகமான மனிதர். பத்திரிகைக்காக எத்தனையோ வழக்குகளில் நின்று ஜெயித்தவர். நிலைமையைக் கேட்டதும் அவர் கவலைப்படவில்லை; கைகளைத் தேய்த்துக்கொண்டார். செய்தி கொடுத்தவரின் பெயரைச் சொல்லும்படி எந்த அதிகாரியும் பத்திரிகையைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டத்தில் இருக்கிறது என்றார். ஊடக ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விதிகளிலும் அதைக் கைவைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றார்.

"கேட்கட்டும். கேட்கட்டும்னுதான் உக்காந்திருக்கேன். கேட்ட அன்னைக்கே நீதிமன்றத்துல கிழிச்சுத் தொங்கவிட்டுடறேன்."

"நான் உள்ளே போனாலும் சரி, பேரைச் சொல்ல மாட்டேன்," என்றார் ஆசிரியர். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு பையில் மாற்றுத் துணியும் இரத்த அழுத்த மாத்திரையும் வைத்து மேசைக்கடியில் தயாராக வைத்திருந்தார். வக்கீல் மறுப்புக் கடிதத்தை முன்கூட்டியே எழுதிவிட்டார். எல்லோரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார்கள்.

அவளும் காத்திருந்தாள். பகல்களெல்லாம் வாசற்கதவையே பார்த்தபடி போயின. கூரியர்காரன் வந்தால் எழுந்து நின்றாள். போன் அடித்தால் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். தம்பி மனைவி ஒரு நாள் கூப்பிட்டு, குழந்தைக்குச் சளி, என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று தம்பி சொல்லியிருந்தான். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பேச்சு இந்த நொடியில் அந்தச் சுவருக்குள் இரண்டாகப் பிரிகிறது என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. ஒன்று தம்பி மனைவியிடம் போகிறது. இன்னொன்று எங்கே போகிறது? வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கச் சொல்வதைக்கூட யோசித்து யோசித்துச் சொன்னாள். இத்தனை வருடம் போனில் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. தோழியிடம் அழுதது, வாடகை வீட்டுச் சொந்தக்காரரைத் திட்டியது, டாக்டரிடம் சொன்னது. உடுத்திக்கொண்டிருக்கும்போது அறையில் முதலிலிருந்தே ஆள் இருந்தது தெரிந்ததுபோல் உடம்பு கூசியது.

தம்பியை அவள் தெருவில்தான் பார்த்தாள். அவன் வேலைக்குப் போகும் நேரத்தில் பால் வாங்கப் போவதுபோல் போவாள். அவன் வண்டியை மெதுவாக்கி, "என்ன மேடம், இன்னைக்கு யாருக்கு வருத்தம்?" என்று கேட்டுவிட்டுப் போவான். சவரம் செய்யாத தாடை. அவனும் தூங்கவில்லை.

ஒருநாள் மதியம் நோட்டீஸ் வந்தது.

வக்கீல் ஆசிரியரின் மேசைமேல் சாய்ந்துகொண்டு அதை உரக்கப் படித்தார். குறிப்பிட்ட செய்தி நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளைவிப்பதாக ஆணையம் கருதுகிறது. அது இந்த இணைய முகவரியில் இருக்கிறது. இன்று மாலைக்குள் அதை அகற்ற வேண்டும். அவ்வளவுதான். வக்கீல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"பேரே கேட்கலை," என்றார். அவர் முகத்தில் சிறு ஏமாற்றமும் பெரிய நிம்மதியும் தெரிந்தன. "கேட்டா தோத்துடுவோம்னு தெரிஞ்சுபோச்சு. செய்தியை எடுக்கச் சொன்னதையும் எதிர்த்துப் போடலாம், அது வேற விஷயம். ஆனா உங்க தம்பி தப்பிச்சார்மா. போய்த் தூங்குங்க."

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ எல்லோருக்கும் டீ சொன்னார்கள்.

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் பயந்தது ஒன்றுமே இல்லை என்னும்படி இப்போது ஒரு பயம் வந்தது. அது மெதுவாக, பாதத்திலிருந்து ஏறியது.

"ஏன் சார் கேட்கலை?"

"அதான் சொன்னேனேம்மா. சட்டம்."

"தெரியாதவங்கதானே சார் கேட்பாங்க?"

வக்கீல் நோட்டீஸை மறுபடி கையில் எடுத்தார். ஆசிரியர் கண்ணைத் திறந்தார். அந்த அறையில் இருந்த சட்டமெல்லாம், அந்த மறுப்புக் கடிதமும், மேசைக்கடியில் இருந்த பையும், வராத கேள்விக்கு எதிராகக் கட்டிய மதில். அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

போனை எடுத்தாள். அவனோடு பேச இருந்த ஒரே வழி அந்தச் சுவர் வழியாகத்தான் போயிற்று. என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை.

"தம்பி, அந்த வாஷிங்மெஷின் குழாய் மறுபடி ஒழுகுது. உடனே வா."

"அது ஒழுகாதேக்கா."

"ஒழுகுது."

"நான் புது வாஷர் போட்டு இறுக்கினேன். நீ வேற எங்கேயாவது தண்ணி கொட்டியிருப்பே."

"டேய், ஒழுகுதுன்னா ஒழுகுது. வீடெல்லாம் தண்ணி. இருக்கற வேலையைப் போட்டுட்டு இப்பவே வா." அவள் குரல் அவள் பிடியில் இல்லை.

அவன் அதற்கு மேல் வாதாடவில்லை.

"சரிக்கா," என்றான். "அடுத்த ஷிப்ட் ஆள் இன்னும் வரலை. அவர் வந்ததும் ஒப்படைச்சுட்டு வரேன். நடுவுல விட்டுட்டு வர முடியாது, இல்ல?" பிறகு, "தண்ணியில வழுக்கி விழுந்துடாத," என்றான்.

அவள் ஆட்டோ பிடித்து நிறுவனத்தின் வாசலுக்குப் போனாள். நல்ல வெயில். பணம் கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தைக்கு பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். எல்லாம் எப்போதும்போல் இருந்ததே அவளைக் கலங்கடித்தது. காவலாளிக்கு அவளைத் தெரியும். தம்பி மறந்துவிட்டுப்போகும் மூக்குக்கண்ணாடியைப் பல தடவை கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"இப்பத்தான்மா போனார்," என்றார் அவர். "ரெண்டு பேர் வந்து கூப்பிட்டுக்கிட்டுப் போனாங்க. நல்ல மரியாதையான ஆளுங்க. கார்க் கதவைத் திறந்துவிட்டாங்க."

"எங்கேன்னு சொன்னாங்களா?"

"கேட்கலைம்மா. கேட்கற மாதிரி இல்ல அவங்க." காவலாளி சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "சார் சிரிச்சுக்கிட்டுத்தான் போனார். அக்கா வருவாங்க, குழாய்க்கு வேற ஆள் பார்த்துக்கச் சொல்லுங்கன்னு சொன்னார்."

அவனுடைய வண்டி நிழலில் நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் இருக்கையில் கையை வைத்துக்கொண்டு, வாய் விட்டு அழவும் பயந்து, வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை. வக்கீல் மனு போட்டார். அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை என்று அரசாங்கத் தரப்பில் ஒருவர் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வண்டியை எடுத்துப்போகும்படி நிறுவனம் கடிதம் அனுப்பியது. தம்பி மனைவி அவளிடம், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்; பதிலுக்குக் காத்திருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மழைக்காலம் தொடங்கியபோது, தொலைவில் ஓர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள். யார் கொண்டுவந்தது என்று கேட்டதற்கு, பதிவேட்டில் அந்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள்தான் போய்ப் பார்த்தாள். யாரோ அவனுக்கு ஒழுங்காகச் சவரம் செய்துவிட்டிருந்தார்கள்.

ஆசிரியர் வேலையை விட்டார். வக்கீல் இன்னும் வழக்கை நடத்துகிறார். சத்தமாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் வேலையில் இருக்கிறாள். போனில் இன்றும் எதையும் அளந்துதான் பேசுகிறாள். இப்போது பேசத் தொடங்கிவிட்ட தம்பியின் மகளோடு பேச வேண்டுமென்றால் நடந்தே போய்ப் பேசிவிட்டு வருகிறாள்.

அந்தச் செய்தி இப்போது இணையத்தில் இல்லை. திறந்தால், சட்டப்படியான உத்தரவின்பேரில் அகற்றப்பட்டது என்று ஒரு வெள்ளைப் பக்கம் வரும். ஆனால் உத்தரவு எழுதியவர்கள் செய்தியின் முகவரியை மட்டும்தான் குறிப்பிட்டிருந்தார்கள். திருத்தங்கள் வேறு பக்கம். அதைப் பற்றி நோட்டீஸில் ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகும் யாரும் கேட்டு வரவில்லை. எந்தச் செய்திக்கான திருத்தம் என்று இனிமேல் படிக்கிறவர்களுக்குத் தெரியப் போவதில்லை என்றாலும், அந்தக் கருவிக்கு நிறுவனத்தின் பக்கம் விசை கிடையாது என்ற வரி அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.